டெங்குவைத் தடுக்கத் துறைகளை ஒரே பட்டியலில் சேர்ப்பது எப்படி? கிராம ஊராட்சிக்கான முழு வழிகாட்டி

ஒரு கிராமத்து வீட்டு வாசலுக்கு ஒரு மாதத்தில் எத்தனை அரசுப் பணியாளர்கள் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்பிணியைப் பார்க்கக் கிராம சுகாதார செவிலியர் வருகிறார். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வருகிறார். குப்பை வாங்கத் தூய்மைக் காவலர், தொட்டியில் புழு பார்க்கக் கொசு ஒழிப்புப் பணியாளர், சத்துமாவு கொடுக்க அங்கன்வாடிப் பணியாளர் என்று வரிசை நீள்கிறது. தண்ணீர் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டர் அந்தத் தெருவைத் தினமும் கடந்து போகிறார். இத்தனை பேர் பார்த்தும், பின்கட்டில் மூடாமல் கிடக்கும் டிரம்மில் புழு நெளிவது யாருடைய நோட்டிலும் ஏறுவதில்லை. ஏறினாலும் அது அந்தத் துறையின் நோட்டிலேயே தங்கிவிடுகிறது.

இந்த இடைவெளிக்கு ஊர் கொடுக்கும் விலை பெரிது. 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டு 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,294 பேருக்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். நோய் பரவிய பிறகு காய்ச்சல் முகாம், புகை மருந்து, ஆம்புலன்ஸ், மருத்துவமனைப் படுக்கை, கூலி இழப்பு என்று போகிற பணத்தில் சிறு பகுதியை முன்கூட்டியே சரியான இடத்தில் போட்டால் போதும். அந்தச் சரியான இடம் பெரும்பாலும் சுகாதாரத் துறையின் கையில் இருப்பதில்லை. அது தண்ணீர் முறையில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு புள்ளியைச் சுற்றியே போகும்.

ஏறக்குறைய 600 வீடுகள் உள்ள ஊராட்சியை மனத்தில் வைத்து அளவுகளைத் தந்திருக்கிறோம். உங்கள் ஊருக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

தொடங்குமுன்: கொசுவின் நாட்காட்டி

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். முட்டையை நீருக்குள் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கும். தண்ணீர் ஏறியதும் பொரியும். நம் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். கொசு தானாகப் பறக்கும் தூரம் குறைவு, பெரும்பாலும் பிறந்த இடத்தின் சில நூறு மீட்டருக்குள்ளேயே இருக்கும். பகலில் கடிக்கும்.

இந்தத் தகவல்களிலிருந்தே வேலைத்திட்டம் முழுவதும் பிறக்கிறது. டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஏழு நாளைக்கு ஒரு முறை போக வேண்டும். பத்து நாள் இடைவெளி விட்டால் ஒரு தலைமுறை பறந்துவிடும். நோயாளியின் வீட்டைச் சுற்றித் தேடினாலே கொசு பிறந்த இடம் கிடைக்கும். மாலையில் சாக்கடை ஓரம் அடிக்கும் புகை இந்தக் கொசுவை அதிகம் தொடாது.

படி 1: யார் யார், எதற்கு?

முதல் கூட்டத்துக்குப் பெரிய பட்டாளம் வேண்டாம். ஊராட்சித் தலைவர், செயலர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர்களில் ஒருவர், கொசு ஒழிப்புப் பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர், மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலிருந்து ஒருவர் இருந்தால் போதும். 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத ஊரில் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, கூட்டத்தைச் செயலர் நடத்தலாம்.

புதிதாக ஒரு குழு அமைக்கத் தேவையில்லை. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதியும் உண்டு. பல ஊர்களில் அது காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மறுபடி உயிர் கொடுப்பதே சுருக்கமான வழி.

இரண்டாம் வட்டமாக மூன்று பேரின் தொலைபேசி எண்கள் கையில் இருக்கட்டும்: குடிநீர் வடிகால் வாரியத்தின் உதவிப் பொறியாளர், மின்வாரிய உதவிப் பொறியாளர், காவல் நிலையப் பொறுப்பாளர். மின்வாரியம் எதற்கு என்று கேட்கலாம். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அப்போதுதான் ஊர் போர்வெல் ஓடும், தொட்டி நிரம்பும், முறை போகும். காவல் நிலையத்தைச் சேர்ப்பது, அதன் வளாகத்தில் மழையில் நனைந்து நிற்கும் பறிமுதல் வாகனங்களுக்காக. வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் டயர் ஏடிஸுக்கு மிகப் பிடித்த இடம்.

தொட்டி ஆபரேட்டரைக் கூட்டத்துக்கு அழைக்க மறப்பதுதான் முதலில் நடக்கும் தவறு. தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது போகிறது, எந்த வால்வு ஒழுகுகிறது, எந்த வீட்டில் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று ஊரில் முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

படி 2: ஒரே வரைபடம், ஒரே வீட்டு எண்

ஒவ்வொரு துறையும் தன் எண்ணைத் தனியாக வைத்திருக்கிறது. செவிலியர் பதிவேட்டில் ஒரு எண், வீட்டுவரி ரசீதில் ஒன்று, அங்கன்வாடியில் இன்னொன்று, குடிநீர் இணைப்புக்கு வேறொன்று. ஒருவர் சொல்லும் வீடு மற்றவருக்குப் புரியாததால்தான் பாதித் தகவல் வீணாகிறது. வீட்டுவரிக் கதவு எண்ணையே எல்லோருக்கும் பொது எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புறம்போக்குக் குடிசைகளுக்கும், தோப்பு வீடுகளுக்கும் தெருப்பெயரோடு தற்காலிக எண் கொடுங்கள். அந்த வீடுகள் விட்டுப்போனால் வேலையே வீண்.

பெரிய சார்ட் பேப்பரில் தெருக்களை வரைந்து ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வருகிறது, வால்வு குழிகள், பூட்டிக் கிடக்கும் வீடுகள், டயர் கடை, பழைய இரும்புக் கடை, கட்டுமான இடங்கள் போன்ற ஆபத்தான இடங்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் டெங்கு வந்த வீடுகள். கடைசியாகச் சொன்னது சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். அந்த வீடுகளைப் புள்ளியாக மட்டும் வையுங்கள், பெயர் எழுத வேண்டாம்.

வரைபடத்தை முடித்ததும் பழைய டெங்குப் புள்ளிகள் கடைமடைத் தெருக்களில் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் கடைசியாகவும் குறைவாகவும் போய்ச் சேரும் தெருவில்தான் மக்கள் அதிகம் சேமித்து வைப்பார்கள்.

படி 3: தண்ணீர் முறையைச் சரிசெய்வது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவுப்படி ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். தினமும் தண்ணீர் வந்தால் அந்த வீட்டுக்கு 200 லிட்டர் டிரம் இரண்டு போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 550 லிட்டருக்கு மூன்று டிரம். ஐந்து நாளைக்கு ஒரு முறை என்றால் 1,375 லிட்டர், அதாவது ஏழு டிரம். 600 வீடுகளுக்கு இதைப் பெருக்கினால் 1,200 டிரம்மா 4,200 டிரம்மா என்ற வித்தியாசம் வருகிறது. அத்தனையையும் ஏழு நாளைக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு மூன்று பணியாளர்கள்தான். தண்ணீர் முறை நீளும்போது கொசு ஒழிப்பின் சுமை மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. இந்தச் சுமை குடிநீர்ப் பிரிவின் எந்தக் கணக்கிலும் தெரியாது.

இரண்டு நிலைகளிலும் ஊருக்குத் தேவையான மொத்தத் தண்ணீர் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். எனவே புதிய போர்வெல் கேட்டு மனு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

ஆபரேட்டரோடு குழாய் வழியே நடந்து, ஒழுகும் வால்வு, உடைந்த இணைப்பு, நீர் நிற்கும் வால்வு குழி ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். அடுத்து, தெருக்களைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் வால்வு பொருத்தினால் கடைமடைக்கு அழுத்தம் கிடைக்கும். குழாயில் நேராக மோட்டார் வைத்திருக்கும் வீடுகளுக்கு முதலில் நேரில் சொல்லுங்கள், பிறகு நோட்டீஸ் கொடுங்கள், அதற்கும் கேட்காவிட்டால் இணைப்பைத் துண்டியுங்கள். இந்தக் கடைசிச் செயலில் உறவு, சாதி, கட்சி எல்லாம் குறுக்கே வரும். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் செயலர் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார். நான்காவதாக மின்வாரியத்திடம் மும்முனை மின்சார நேரத்தைக் கேட்டு, அதற்கேற்பத் தொட்டி நிரப்பும் நேரத்தை மாற்றுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீரை மீட்டரில் தினமும் குறியுங்கள். ஒதுக்கீட்டைவிடக் குறைந்தால் வாரியத்திடம் பேச அந்தக் குறிப்பு வேண்டும்.

தினமும் விட முடியவே இல்லையா? அப்படியானால் நாளையும் நேரத்தையுமாவது நிலைநிறுத்துங்கள். மக்கள் ஏழு டிரம் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் தட்டுப்பாடு, மீதிப் பாதி தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத பயம். ‘கீழத்தெரு: செவ்வாய், வெள்ளி, காலை 6 முதல் 7’ என்று சுவரில் எழுதி, இரண்டு மாதம் தவறாமல் விட்டால் டிரம்களின் எண்ணிக்கை தானாகக் குறையும். மோட்டார் பழுதானால் அன்றே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள்.

படி 4: தேய்க்கும் நாளைத் தண்ணீர் நாளோடு கட்டுங்கள்

ஊர் முழுவதுக்கும் ஞாயிற்றுக்கிழமை ‘உலர் நாள்’ என்று அறிவிப்பது வழக்கம். சனிக்கிழமைதான் தண்ணீர் பிடித்து நிரப்பிய பெண்ணிடம் மறுநாள் போய் டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னால் அவர் எப்படிச் செய்வார்? அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. பணியாளர் அங்கே மருந்தை ஊற்றிவிட்டுப் போவார், டிரம் தேய்க்கப்படாமலே இருக்கும்.

இதற்குச் செலவே இல்லாத தீர்வு உண்டு. ஒவ்வொரு தெருவிலும் தண்ணீர் வரும் நாளன்று அதிகாலை, அல்லது முந்தைய நாள் மாலை, டிரம் ஏறக்குறையக் காலியாக இருக்கும். கொசு ஒழிப்புப் பணியாளரின் தெருச்சுற்றை ஆபரேட்டரின் முறைப்படி மாற்றி எழுதுங்கள். மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு உட்சுவரைத் தேய்த்து, கழுவி, அப்போதே வரும் புதுத் தண்ணீரைப் பிடித்து மூடச் சொல்லுங்கள். இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. முறை ஏழு நாளுக்குள் இருந்தால் கொசுவின் சுழற்சி உடைந்துவிடும். ஏழு நாளைத் தாண்டினால் நடுவில் ஒரு தடவை கூடுதலாகப் பார்த்தே ஆக வேண்டும்.

மூடிக்கு மகளிர் குழுவிடம் துணியுறை தைக்கச் சொல்லலாம். 200 லிட்டர் டிரம்மின் வாய் 58 செ.மீ. அளவில் இருக்கும், எனவே 85 செ.மீ. வட்டத் துணியில் ஓரத்துக்கு எலாஸ்டிக் வைத்தால் இறுக்கமாகப் பிடிக்கும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியோ கொசுவலைத் துணியோ நல்லது. துணி நடுவில் தொய்ந்தால் அதன் மேலேயே மழைநீர் தேங்கி, மூடியே புழுத்தொட்டியாகிவிடும். உறையை வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடியாது. தண்ணீர் மொள்ளும்போது ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட அலுப்பாக இருப்பதால் பலர் விட்டுவிடுவார்கள். மொள்ளும் டிரம் ஒன்றை மட்டும் கடினமான மூடியோடு வைத்துவிட்டு, சேமிப்பு டிரம்களுக்கு உறை போடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

படி 5: வாராந்திரச் சுற்று

ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்க்க 8 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரத்தில் 45 வீடு. வாரம் ஆறு நாள் வேலை செய்தால் ஒருவர் 270 வீடு பார்ப்பார். 600 வீடுகளுக்கு மூன்று பேர் இருந்தால் மூச்சு விட்டு வேலை செய்யலாம், இரண்டு பேர் என்றால் வீடுகள் விட்டுப்போகும். கையில் டார்ச், சுண்ணக்கட்டி, சிறு வெள்ளைக் கிண்ணம், கரண்டி, பதிவுத்தாள், மருந்து இருக்க வேண்டும்.

எல்லோரும் டிரம்மைப் பார்ப்பார்கள். தவறவிடுவது இவற்றைத்தான்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடித் தொட்டியின் உடைந்த மூடி, மாட்டுத் தொட்டி, கொட்டாங்குச்சி, பயன்படுத்தாத கழிவறையின் பிளஷ் தொட்டி, தார்ப்பாய் மடிப்பு. தூய்மைக் காவலர் தினமும் இந்த வீடுகளுக்குப் போவதால், கொட்டாங்குச்சியையும் பிளாஸ்டிக் கப்பையும் பழைய டயரையும் எடுத்துப் போடுவதை அவர் சுற்றில் சேர்த்துவிட்டால் கொசுப் பணியாளருக்கு வீட்டுக்கு இரண்டு நிமிடம் மிச்சம்.

மருந்து அளவு தெளிவாக இருக்கட்டும். குடிக்கும், சமைக்கும் தண்ணீருக்குத் தேய்த்து மூடுவதே முதல் வழி. காலி செய்ய முடியாத புழக்கத் தண்ணீருக்கு டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்து 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்க வேண்டும்: 1 சதவீதக் குருணை என்றால் 200 லிட்டருக்கு 20 கிராம், 50 சதவீதத் திரவம் என்றால் 1,000 லிட்டருக்கு 2 மி.லி. வெளியே தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பில் தெளிக்க 10 லிட்டர் தண்ணீரில் 2.5 மி.லி. கலந்து, சதுர மீட்டருக்கு 20 மி.லி. வீதம் அடிப்பது வழக்கம். இந்த மருந்து புழுவைத்தான் கொல்லும், கூட்டுப்புழுவைக் கொல்லாது. கூட்டுப்புழு இரண்டே நாளில் கொசுவாகிவிடும். ஆகவே காற்புள்ளி போல வளைந்து துள்ளும் கூட்டுப்புழு தெரிந்தால் மருந்தை நம்பாமல் தண்ணீரைத் தரையில் கொட்டச் சொல்லுங்கள். கிணறு, பெரிய தொட்டிகளில் புழுவைத் தின்னும் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம்.

பூட்டிய வீடுகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். உரிமையாளர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அந்தச் செய்தி அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும், கொசுப் பணியாளருக்குத் தெரிந்திருக்காது. பேசியும் பயனில்லாத இடங்களில் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் கொடுக்கலாம். கொசு ஒழிப்புக்கு அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

பள்ளிக்கு ஒரு தனிக் குறிப்பு. காலாண்டுத் தேர்வு விடுமுறை மழைக்காலத்தின் வாசலில் வருகிறது. கழிவறைத் தொட்டியும் மேல்நிலைத் தொட்டியும் அந்த நாட்களில் ஆளில்லாமல் தேங்கி நிற்கும். பள்ளி திறக்கும் நாளில் பகல்நேரக் கொசு வகுப்பறையில் காத்திருக்கும். விடுமுறைக்கு முன் கேட் சாவி ஒன்றை ஊராட்சியிடம் கொடுத்துவைப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. திறப்பதற்கு முந்தைய நாள் எல்லாத் தொட்டிகளும் கழுவப்பட வேண்டும்.

படி 6: காய்ச்சல் தகவல் யாரிடமிருந்து யாருக்கு?

டெங்கு உறுதியானால் அரசு மருத்துவமனையும் தனியாரும் அதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 எலிசா, அதன் பிறகு ஐஜிஎம் எலிசா என்பது இரத்தப் பரிசோதனை முறை. விரைவுப் பரிசோதனை அட்டையின் முடிவை உறுதியாகக் கொள்வதில்லை. முடிவு வந்து, பட்டியலாகி, ஊருக்குச் செய்தி வர நாட்கள் ஓடிவிடும். அதற்கு முன்பே ஊருக்குள் தகவல் இருக்கிறது: அங்கன்வாடிக்கு மூன்று நாளாக வராத குழந்தை, பள்ளி வருகைப் பதிவேடு, மாத்திரை கொடுக்கப் போன தன்னார்வலர் பார்த்த காய்ச்சல், மருந்துக்கடையில் திடீரென்று ஓடும் பாரசிட்டமால். இவை அன்றன்றே செவிலியருக்குப் போக வேண்டும். ஒரே தெருவில் ஒரு வாரத்தில் மூன்று காய்ச்சல் என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அந்தத் தெருவில் புழுத் தேடலைத் தொடங்குங்கள்.

நோயாளியின் முகவரி பெரிய தலைவலி. ஆதாரில் ஒரு ஊர், தங்கியிருப்பது வேறு ஊர், வேலை மூன்றாவது ஊர். கொசு கடித்ததிலிருந்து காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும் என்பதால், ‘கடந்த இரண்டு வாரம் பகலில் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டால்தான் உண்மையான இடம் தெரியும். வேறு ஊர் என்றால் சுகாதார ஆய்வாளர் அந்த ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.

உறுதியான வீட்டைச் சுற்றிக் குறைந்தது 50 வீடுகளில் 24 மணி நேரத்துக்குள் தேடல் நடக்கட்டும். வீட்டுக்குள் அடிக்க 2 சதவீதப் பைரித்ரம் என்ற கொசுமருந்து ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய். புகையோ தெளிப்போ அன்று பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். தொட்டியில் புழு இருந்தால் சில நாளில் புதுக் கொசு வந்துவிடும், டீசலுக்குக் கொடுத்த பணம் போனதுதான். புகை அடிக்கச் சொல்லி மக்கள் வற்புறுத்துவார்கள், கண்ணுக்குத் தெரியும் வேலை அது என்பதால். புழுத் தேடல் முடிந்த பிறகே புகை என்ற வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நோயாளியின் பெயரையும் ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. குழுவுக்குத் தேவைப்படுவது கதவு எண்ணும் தெருவும் மட்டும்தான். பெயர் வெளியானால் அடுத்த காய்ச்சலை மக்கள் மறைப்பார்கள்.

படி 7: அரை மணி நேரக் கூட்டம், ஒரு பக்கத் தாள்

வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாள், ஒரே நேரம், நின்றுகொண்டே பேசினாலும் சரி. தாளில் நான்கு விஷயம் போதும்: தண்ணீர் எத்தனை முறை சொன்ன நேரத்தில் போனது, புழுக் கணக்கு, காய்ச்சல் எண்ணிக்கை தெருவாரியாக, சென்ற வாரம் ஒப்புக்கொண்ட வேலைகளில் முடிந்தவை, முடியாதவை, யார் பொறுப்பு, எந்தத் தேதி.

புழுக் கணக்குக்கு மூன்று குறியீடுகள் உண்டு. உதாரணமாக, 100 வீடு பார்த்து 8 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. பார்த்த 320 கொள்கலன்களில் 11இல் புழு என்றால் கொள்கலன் குறியீடு 3.4. 100 வீட்டுக்கு எத்தனை புழுக் கொள்கலன் என்பது பிரெட்டோ குறியீடு, இங்கே 11. வாரம் தவறாமல் தெருவாரியாகப் பிரெட்டோ குறியீட்டை எழுதுங்கள். 5க்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துவதை இலக்காக வையுங்கள்.

இந்த எண் எளிதில் பொய்யாகிவிடும். மழைக்காலத்தில் ஒரு தெரு தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் அங்கே யாரும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு வீட்டை மறுநாள் வேறு துறையைச் சேர்ந்தவர் மறுபார்வை பார்க்க வேண்டும், செவிலியரோ மகளிர் குழு உறுப்பினரோ. மறுபார்வையில் புழுக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் வந்தால் அந்தச் சுற்றைத் திரும்பச் செய்ய வேண்டும். பணியாளரைத் திட்டும் இடமாகக் கூட்டத்தை மாற்றினால் அடுத்த வாரம் எல்லாத் தெருவும் பூஜ்யம் காட்டும். அதிகப் புழு கண்டுபிடித்தவரைப் பாராட்டுங்கள், நேர்மையான கணக்கு வர வேறு வழியில்லை.

கொசு ஒழிப்புப் பணியாளரின் நிலையையும் இங்கே பேசியாக வேண்டும். வேலை சொல்வது சுகாதார ஆய்வாளர், சம்பளம் போவது உள்ளாட்சி வழியாக. ஒருவர் வருகைப் பதிவை அனுப்பத் தாமதித்தால் மற்றவரால் சம்பளம் போட முடியாது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் சம்பளம் வராத பணியாளர் வேறு கூலி வேலைக்குப் போய்விடுவார், பயிற்சி பெற்ற கண் ஊரை விட்டுப் போய்விடும். வருகைப் பதிவு எந்தத் தேதிக்குள் யார் கையெழுத்தோடு யாருக்குப் போக வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். வேறு வேலைகளுக்கு அவர்களை இழுப்பதையும் செப்டம்பர் முதல் ஜனவரி வரை நிறுத்துங்கள்.

படி 8: பணம்

இங்கிலாந்தில் 2009இல் ‘டோட்டல் பிளேஸ்’ என்ற பெயரில் 13 வட்டாரங்களில் ஒரு முயற்சி தொடங்கியது. ஒரு வட்டாரத்துக்குள் எல்லாப் பொதுத் துறைகளும் செலவழிக்கும் பணத்தை ஒன்றாக வைத்துக் கணக்கிடுவதுதான் அதன் முதல் வேலை. அந்தப் பழக்கம் நமக்கும் உதவும். ஆனால் நிதியை ஒரே கணக்கில் கொட்ட முயலாதீர்கள். நம் தணிக்கை முறையில் ஒரு தலைப்பின் பணம் வேறு தலைப்பில் செலவானால் ஆட்சேபம் வரும், அதைச் சுமப்பவர் செயலர். பணம் அதனதன் தலைப்பில் இருக்கட்டும், வேலைப் பட்டியல் ஒன்றாக இருக்கட்டும்.

வால்வு, குழாய்ப் பழுதுக்கு நிதிக் குழு மானியத்தின் குடிநீர்ப் பகுதி பொருந்தும். 15ஆவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைத்தது. குப்பை, டயர் அகற்றத் துப்புரவுப் பகுதி. கழிவுநீர் தேங்கும் வீடுகளுக்கு உறிஞ்சுகுழி, ஊரக வேலைத் திட்டத்தில். டார்ச், கிண்ணம், மூடித் துணி போன்ற சில்லறைகளுக்குச் சுகாதாரக் குழுவின் நிதி. மருந்து சுகாதாரத் துறையிடமிருந்து.

செலவழிப்பவர் ஒருவர், மிச்சம் பார்ப்பவர் வேறொருவர் என்பதுதான் கூட்டு வேலை முறியும் இடம். ஊராட்சி வால்வு வாங்குகிறது. மிச்சமாவது மருத்துவமனையின் படுக்கையும் கூலித் தொழிலாளியின் சம்பளமும். ஊராட்சியின் வரவு செலவில் அது தெரியவே தெரியாது. அதனால் சென்ற ஆண்டின் காய்ச்சல் முகாம் நாட்கள், புகை அடித்த நாட்கள், டீசல் லிட்டர், மருத்துவமனையில் தங்கிய நோயாளி நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் போன கூலி ஆகியவற்றைச் சேகரித்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே தாள். கிராம சபையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாசியுங்கள். ஒரே ஆண்டு குறைந்ததை வைத்து வெற்றி என்று சொல்ல வேண்டாம். டெங்கு சில ஆண்டுகள் தானாகவே தணிந்து பிறகு எழும். தண்ணீர் முறையும் புழுக் குறியீடும் மேம்பட்டதா என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

படி 9: ஆண்டு அட்டவணை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அதற்குள் தயாராக வேண்டும்.

மே 1 கிராம சபையில் வரைபடத்தை வைத்து விடுபட்ட வீடுகளைச் சேருங்கள். ஜூன், ஜூலையில் வால்வு வேலை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தண்ணீர் நாள் அட்டவணைக்கும், நேர் மோட்டார் துண்டிப்புக்கும் தீர்மானம். செப்டம்பரில் மூடிகள், பயிற்சி, பள்ளிச் சாவி. அக்டோபர் 2இல் முதல் கணக்கு வாசிப்பு. அங்கிருந்து ஜனவரி வரை வாரக் கூட்டம் ஒன்றுகூடத் தவறக் கூடாது, தீபாவளி வாரம் உட்பட. பிப்ரவரிக்குப் பிறகு மாதம் இருமுறை போதும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் அடுத்த ஆண்டுக்கான குடிநீர் வேலைகளைச் சேர்க்கலாம்.

அலுவலர்கள் மாறுவார்கள். புதிய சுகாதார ஆய்வாளரோ செயலரோ வந்த முதல் வாரத்திலேயே வரைபடத்தோடு எல்லாத் தெருக்களிலும் ஒரு முறை ஆபரேட்டரோடு நடக்கச் சொல்லுங்கள். கோப்பை மட்டும் கைமாற்றினால் வேலை நின்றுவிடும்.

அதே தாளில் வயிற்றுப்போக்கையும் சேர்க்க

முதல் மழைக்காலம் நிலைபெற்ற பிறகு, அதே கூட்டத்தில் ஒரு வரி கூட்டினால் வயிற்றுப்போக்கையும் மஞ்சள் காமாலையையும் பிடிக்கலாம். ஆபரேட்டர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். கடைமடைக் குழாயில் குளோரோஸ்கோப்பில் (நிறத்தை வைத்துக் குளோரின் அளவு பார்க்கும் கருவி) பார்த்தால் குளோரின் 0.2 பிபிஎம்மாவது இருக்க வேண்டும். தொட்டியருகே பார்த்து எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை.

சரியான அளவு போட்டும் கடைமடையில் நிறம் வராவிட்டால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். ஒன்று, மூட்டை ஈரம்பட்டோ வெயிலில் திறந்து கிடந்தோ வீரியம் இழந்திருக்கும். இரண்டு, வழியில் எங்கோ உடைப்பு வழியாகக் கழிவுநீர் உள்ளே போகிறது. இரண்டாவதாக இருந்தால் அந்தத் தெருவின் பெயரை அன்றே செவிலியருக்குச் சொல்லுங்கள். அவர் வயிற்றுப்போக்கு விசாரிக்கத் தொடங்க வேண்டிய தெரு அதுதான்.